பாதிச் சவரம்

கம்மஞ்சோற்றுச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ராமாத்தாள் சந்தைத் தெருத் திருப்பத்துக்கு வந்தபோது நாய் கத்துவது கேட்டது. குரைப்பு இல்லை, அடிபட்ட நாயின் ஒற்றைக் கத்தல். தொடர்ந்து கண்ணாடி உடையும் சத்தம்.

அவள் ஓடினாள்.

சலூன் வாசலில் செருப்புத் தைக்கிற சுப்பையன் சுவரோடு ஒண்டி நின்றான். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது. "உள்ள போவாதீங்க அம்மிணி" என்று குறுக்கே கையை நீட்டினான். அவளைத் தொட்டுத் தடுக்க மட்டும் அந்தக் கைக்குத் துணிவில்லை. அந்தக் கைக்குக் கீழே குனிந்து அவள் உள்ளே போனாள்.

அவள் புருஷன் மருதாசலம் தரையில் கிடந்தான். அவனுக்கு மேலே, ஒரு காலை நாற்காலிப் படியில் ஊன்றிக்கொண்டு, தண்டாயுதபாணி தடியை ஓங்கி நின்றான். ஊரின் பாதி நிலம் அவனுடையது. பண்ணாடி என்றுதான் எல்லோரும் அவனை அழைப்பார்கள். சவரத்துக்குக் கட்டிய வெள்ளைத் துணி இன்னும் அவன் கழுத்தில் தொங்கியது. வலது கன்னம் வழித்துச் சுத்தமாக இருந்தது. இடது கன்னம் முழுக்கச் சோப்பு நுரை.

இரும்புப் பூண் போட்ட தடி இறங்கியது. தேங்காயைக் கல்லில் போட்டது போலச் சத்தம். நுரையின் வெள்ளையில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள் தெறித்தன.

அவள் இடுப்பிலிருந்து சட்டி நழுவி விழுந்து உடைந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் அவன் திரும்பினான். மூச்சு வாங்க அவளைப் பார்த்தான். கழுத்துத் துணியை அவிழ்த்து, இடது கன்னத்தை ஒரு துடை துடைத்து, துணியை மருதாசலத்தின் மேலேயே போட்டான்.

"படியில வழுக்கி உழுந்துட்டான்" என்றான். மழை வந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னான். "பாத்தீல்ல?"

அவனுடைய மகன்கள் இருவரையும் வெளியே எடுத்துத் தொப்புள் கொடி அறுத்தவள் ராமாத்தாள். இரண்டாவது பிள்ளை கால் முன்னால் வந்தபோது, அந்த வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு இவன் அழுததையும் பார்த்தவள்.

"பாத்தேன்" என்றாள்.

அவன் அவளைத் தாண்டிப் போனான். தலைத்துண்டை அவிழ்த்து, பல்வலிக்காரனைப் போல முகவாயோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே தெருவில் இறங்கினான்.

*

ஆறு மாதங்களுக்கு முன்னால், ஐப்பசியில், ஊரில் பேதி கண்டது. தெற்கு வளவில்தான் சாவு அதிகம். செருப்புத் தைக்கிற, தோல் பதனிடுகிற சனங்களின் குடிசைகள் அங்கே இருந்தன. ஊர்க்கிணற்றில் அவர்கள் வாளி விட முடியாது. குட்டைத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். ஜவுளிக்கடை கைலாசம் தொண்டர் படை என்று ஒன்று கூட்டினார். கதர்த் தொப்பி போட்ட ஏழு பேர். அதில் ஒருவன் மருதாசலம். காலையில் கடை, மத்தியானத்துக்கு மேல் வளவு. குட்டையில் மருந்து கரைத்தான், கஞ்சி ஊற்றினான், செத்தவர்களைத் தூக்கினான். பிழைத்தவர்களின் தலையில் சடை பிடித்துப் பேன் புழுத்திருந்ததைப் பார்த்து, கத்தியை எடுத்துக்கொண்டு போய் வரிசையாக உட்கார வைத்து மொட்டையடித்தான்.

ஒரு குடிசையில் எல்லோரும் செத்துப்போய் ஒரு நாய்க்குட்டி மட்டும் கிடந்தது. அதைக் கொண்டுவந்து கடையில் விட்டான். வந்த அன்றே அது புதுச் சோப்புக் கட்டி ஒன்றை முழுசாகத் தின்றுவிட்டு வாயில் நுரை தள்ள நின்றது. தெருவே கூடி, வெறி பிடித்துவிட்டது, அடித்துக் கொல்லு என்றது. மருதாசலம் சிரித்த சிரிப்பில் அவனுக்கே விக்கல் எடுத்தது. அதற்குச் சோப்பு என்றே பேர் வைத்துவிட்டான்.

வளவுக்காரன் தலையைத் தொட்ட கத்தி எங்கள் தலைக்கு வரக்கூடாது என்று ஊர் சொன்னது. ஊருக்குப் பயந்து அவனுடைய சாதிசனமும் அவனைத் தள்ளி வைத்தது. அந்த முடிவைச் சபையில் எழுந்து நின்று சொன்னவன் ராமாத்தாளின் அண்ணன் கந்தவேல். பண்ணாடி வீட்டுக்குப் பரம்பரையாகச் சவரம் செய்கிறவன் அவன். பேசும்போது அவன் தங்கையைப் பார்க்கவில்லை.

சவரத் தொழில்காரர்கள் ஒருவருக்கொருவர் முகம் வழித்துக்கொள்வதுதான் வழக்கம். தன் முகத்தில் தானே கத்தி வைப்பது ஆகாது என்பது அந்தப் பக்கத்தில் எல்லாச் சாதிக்கும் பொதுவான எண்ணம். வீட்டில் நல்லது நிற்காது என்பார்கள். தள்ளி வைத்த பிறகு மருதாசலத்தின் முகத்தைத் தொட ஆளில்லை. பத்து நாள் தாடியோடு அவன் கொல்லையில் உட்கார்ந்து, "ஏ புள்ள, கொடி அறுக்கத் தெரியுமில்ல, முடி அறுக்கத் தெரியாதா?" என்றான்.

"யாராச்சும் பாத்தாச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நீ கழுத்த அறுக்காம இருந்தாச் சரி."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும், கொல்லைப் படலைச் சாத்திவிட்டு, அவள்தான் அவனுக்குச் சவரம் செய்தாள். இடது கன்னத்தில் ஓரிடத்தில் மயிர் சுழித்து வளரும். "இங்க மட்டும் கீழ இருந்து மேல, அம்மிணி" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினான். முடித்ததும் கண்ணாடியில் பார்க்கமாட்டான். காதுக்குப் பின்னால் விரல் விட்டுப் பார்ப்பான். "சோப்ப உட்டுட்ட பாரு. தொழில் தெரிஞ்சவன் யாருன்னு காதுக்குப் பின்னாலதான் தெரியும்." நாய் சோப்புக் கிண்ணத்தை நக்கி வழித்துவிடும். குழந்தை இல்லாத அந்த வீட்டில் வெள்ளிக்கிழமைகள் அப்படிக் கழிந்தன.

வளவில் மொட்டையடித்துக்கொண்டவர்களில் ஒருவனான சுப்பையனைச் சனிக்கிழமை கடைக்கே வரச்சொல்லியிருந்தான். "நாற்காலியில உக்காந்து வெட்டிக்கோ. எத்தன நாளைக்கு மண்ணுல உக்காருவ?"

பண்ணாடி அன்று வருவான் என்று யாரும் நினைக்கவில்லை. கந்தவேல் மோகனூருக்கு ஒரு கல்யாணத்தில், சவரக்காரர்கள் பாடுகிற மங்கல வாழ்த்துச் சொல்லப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பண்ணாடி வீட்டுக்குச் சம்பந்தக்காரர்கள் வருகிறார்கள். ஒருவனுடைய பரம்பரை வீட்டில் வேறு சவரக்காரன் கத்தி வைப்பதில்லை; யார் வந்தாலும் வழிக்கிற கடை மருதாசலத்தினுடையது மட்டும்தான். வேறு வழியில்லாமல், கடை திறந்ததும் திறக்காததுமாகப் பண்ணாடி வந்து உட்கார்ந்துவிட்டான். வலது கன்னம் முடிந்தபோது சுப்பையன் வாசலில் வந்து நின்றான். "உள்ள வா, பெஞ்சுல உக்காரு" என்றான் மருதாசலம். பண்ணாடி தடியை எடுத்தான். முதல் அடி சுப்பையனுக்கு விழுந்தது. அடுத்ததற்கு மருதாசலம் குறுக்கே போனான். நாய் பண்ணாடியின் கெண்டைக்காலைக் கவ்வியது. உதைத்த உதையில் போய்ச் சுவரில் மோதியது.

இதையெல்லாம் சுப்பையன், கடைப் பெஞ்சில் மருதாசலத்தைப் படுக்க வைத்து ராமாத்தாளோடு வீட்டுக்குத் தூக்கி வரும் வழியில், அழுகைக்கு நடுவே சொன்னான். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு ஜவுளிக்கடைக்கு ஓடினான். கைலாசம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ராசிபுரம் போலீஸுக்குப் போனார். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வந்து தலையைத் தொட்டுப் பார்த்தார். எலும்பு அவர் விரலுக்குக் கீழே அசைந்தது. அவர் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிறு விடியும்போது மருதாசலம் செத்துப்போனான். கடைசிவரை பேச்சில்லை. ஒரு தடவை மட்டும் கை தூக்கி, தன் இடது கன்னத்தைத் தடவினான்.

*

பிணத்தைக் கயிற்றுக் கட்டிலில் வாசலில் கிடத்தியிருந்தாள். ஒருத்தியாகவே தூக்கிக் கிடத்தினாள். சாதிசனம் முப்பது பேர் படலுக்கு வெளியே நின்றார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. சுப்பையனும் வளவு ஆட்களும் எதிர்ப்புறம் வேலியோரம் குந்தியிருந்தார்கள். நாய் கட்டிலுக்கு அடியில், விலா ஏறி இறங்க, கண்ணைத் திறக்காமல் கிடந்தது.

ஊர்ச் சாவைப் பதிகிற மணியகாரர் காகிதத்தோடு வந்தார். "படியில வழுக்கி உழுந்து மண்டை ஒடஞ்சுதுன்னு எழுதியிருக்குது. ஒரு கைநாட்டு வெய்யி ஆத்தா. சட்டுனு எடுத்தரலாம். வெய்யில் ஏறுது."

"அடிச்சவரு பேரு எழுதலீங்களா?"

"யாரச் சொல்ற? பண்ணாடி நேத்துக் காத்தால கடப்பக்கமே போகலையாமே. கடலக்காட்டுல இருந்தாராம். பத்துப் பேரு சொல்றாங்க."

"அவரு மூஞ்சியப் பாத்தீங்களா?"

மணியகாரர் கொஞ்சம் தடுமாறினார். "துண்டு கட்டியிருக்காரு. பல்லுவலி."

"அந்தத் துண்ட அவுத்தாச் சாமி, பாதி மூஞ்சிக்குச் சவரம் இருக்கும். மீதிப் பாதி எங்கூட்டுக்காரரு மிச்சம் வெச்சது. காட்டுக்குப் போற ஆளு பாதிச் சவரத்தோடவா போவாங்க?"

படலுக்கு வெளியே முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. மணியகாரர் மைப்பெட்டியை நீட்டினார். பிணத்தின் முகம் கழுவக் கட்டிலருகே வைத்திருந்த சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் அவள் கையை விட்டாள். "கை ஈரமா இருக்குதுங்க" என்றாள். காகிதம் நனையும் என்று அவர் பின்வாங்கினார்.

அவளுக்கு அந்த நேரத்தில் தேவையெல்லாம் ஒரே ஆள். செத்தவனுக்கு முகம் வழித்துக் குளிப்பாட்டி எடுக்கிற உரிமை அவர்களுக்குள் மச்சினனுடையது. கந்தவேல் வரவேண்டும். வந்து இந்த முகத்தைத் தொடவேண்டும். அந்த முகத்தைத் தொடாமல் வரவேண்டும். பண்ணாடியின் இடது கன்னத்தில் அவன் ஒரு தரம் கத்தியை இழுத்துவிட்டால், நேற்று நடந்தது நடக்காததாகிவிடும்.

தெருக்கோடியிலிருந்து பக்கத்து வீட்டு அத்தாயி ஓடிவந்தாள். படலுக்கு வெளியே நின்று மூச்சு வாங்கினாள்.

"ஏ ராமாத்தா, உங்கண்ணன் வந்துட்டான். மோகனூரு வண்டியில எறங்கி..."

"இங்கதான வாரான்?"

அத்தாயி தலையைக் குனிந்தாள். "பண்ணாடி ஊட்டு ஆளு ரெண்டு பேரு வண்டிக்கிட்டயே நின்னாங்க. கூட்டிட்டுப் போய்ட்டாங்க. கத்திப்பெட்டியோட உள்ள போய்ட்டான்."

ராமாத்தாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். மருதாசலத்தின் கத்தியையும் தோல்வாரையும் எடுத்து வந்தாள். வாரின் ஒரு முனையைக் கட்டில் காலில் மாட்டி, மறுமுனையை இடது கையில் இழுத்துப் பிடித்து, கத்தியைத் தீட்ட ஆரம்பித்தாள்.

"அடியே, என்னடி பண்ற?" என்றாள் அத்தாயி. "பொம்பள கத்தி வெக்கிறதா? பொணத்துக்கா?"

"வேற யாரு வெக்கிறா? நீ வாரியா?"

"ஊரு காறித் துப்பும்டி."

"துப்பட்டும். ஊருக்கு வாயில அது ஒண்ணுதான் மிச்சம்."

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். "வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம பழகின கைதான அது. படலச் சாத்துனாத் தெரியாதா?" அவளுக்குக் காது சுட்டது. ஆனால் கை நிற்கவில்லை. நுரை கரைத்து வலது கன்னத்தில் பூசினாள். தாடை உடைந்திருந்ததால் முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முழங்காலை முட்டுக் கொடுத்து நிறுத்தினாள். கத்தியை வைத்தாள். அவன் உயிரோடு இருந்தபோது கத்தி இறங்கினால் தோல் லேசாகச் சிலிர்க்கும். இப்போது அது வெறுமனே நகர்ந்தது. காய்ந்த ரத்தத்தைத் துணியால் நனைத்து நனைத்து எடுத்தாள். வலது கன்னம் முடிந்தது.

அப்போது படல் திறக்கும் சத்தம் கேட்டது.

கந்தவேல் நின்றான். கல்யாணத்துக்கு உடுத்திய புது வேட்டியில் மண். வலது கையைத் தலைப்பாகைத் துணியால் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தான். துணி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. இடது கையில் கத்திப்பெட்டி.

அவள் எழவில்லை. "அங்க முடிச்சுட்டு வாரியாண்ணா?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

"இல்ல அம்மிணி." அவன் குரல் தேய்ந்தது. "மச்சான் செத்த சேதி எனக்கு அங்க யாரும் சொல்லல. உக்காரச் சொன்னாரு. துண்ட அவுத்தாரு. பாதி வழிச்ச மூஞ்சி. காதுக்கிட்ட கிருதாவ ஒரு சாய்ப்பா வெட்டியிருந்துச்சு. அப்படி வெட்டற கை இந்த நாட்டுல ஒண்ணுதான. 'எம் மச்சான் ஏன் பாதியில உட்டாரு'ன்னேன். வெகுளியாத்தான் கேட்டேன். யாரும் பேசல. பண்ணாடிச்சி உள்ள இருந்து, 'ராமாத்தா தாலிய அறுத்துட்டீங்களே'ன்னு அழுவற சத்தம் கேட்டுச்சு. அப்பறந்தான்..."

நிறுத்தினான். கத்திப்பெட்டியைக் கீழே வைத்தான்.

"கத்திய மடிச்சுப் பெட்டியில வெச்சுட்டேன். 'வழிடா'ன்னாரு. 'மொதல்ல எங்கூட்டுப் பொணம் பண்ணாடி, அப்பறம்தான் மத்த மொகம்'னேன். ரெண்டு பேரு புடிச்சுக்கிட்டாங்க. கைய ஆட்டுக்கல்லு மேல வெச்சு, அதே தடியில..."

துணியைக் கொஞ்சம் விலக்கினான். மூன்று விரல்கள் இருக்கவேண்டிய இடத்தில் நசுங்கிய சதை இருந்தது. அத்தாயி வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டத்தில் கிண்டல் செய்த ஆளைக் காணவில்லை.

கந்தவேல் கட்டிலைப் பார்த்தான். ஆறு மாதமாக அவன் பார்க்காத முகம். ராமாத்தாள் சோப்புக் கிண்ணத்தை எடுத்து அவனுடைய நல்ல கையில் கொடுத்தாள்.

"ஆடாமப் புடி" என்றாள்.

அவன் தலைமாட்டில் மண்டியிட்டான்.

*

வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் ராசிபுரம் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே இரண்டு போலீஸ்காரர்கள், ராத்தூக்கம் இல்லாத கண்களோடு கைலாசம். மணியகாரர் காகிதத்தை நீட்டினார். சப்-இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டுக் கட்டிலைப் பார்த்தார், உடைந்த தலையைப் பார்த்தார், கந்தவேலின் கையைப் பார்த்தார். கந்தவேல் எழுந்து, பண்ணாடி வீட்டில் நடந்ததைத் தெரு கேட்கச் சொன்னான். சுப்பையன் வேலியோரத்திலிருந்து எழுந்து கடையில் நடந்ததைச் சொன்னான். அவன் பேசும்போது யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை.

"அவரக் கூட்டிட்டு வாங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

தண்டாயுதபாணி வந்தான். அழுத்தமான நடை, தடி இல்லை. சவரக்காரன் வாசலில் கால் வைக்காமல் நடுத்தெருவிலேயே நின்றுகொண்டான். முகவாயைச் சுற்றி அதே துண்டு. அவன் வந்து நின்றதும் கட்டிலுக்கு அடியில் நாய் உடம்பைச் சுருக்கிக்கொண்டு ராமாத்தாளின் காலுக்குப் பின்னால் நகர்ந்தது. குரைக்கவில்லை. அதன் நடுக்கம் அவள் கெண்டைக்காலில் தெரிந்தது.

"நேத்துக் காத்தால சலூனுக்குப் போனீங்களா?"

"போகலைங்க. காட்டுல இருந்தேன்."

"முகத்துல என்ன?"

"பல்லுவலிங்க. வீங்கிப்போச்சு."

"துண்ட எடுங்க."

"தெருவுல வெச்சா? என்னைய யாருன்னு நெனச்சீங்க? ஊட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்."

"இங்கயே எடுங்க."

தெரு அடங்கியது. எங்கோ ஒரு தறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது.

ராமாத்தாள் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கன்னம் பாக்கி இருந்தது. அண்ணன் நீட்டிய கிண்ணத்திலிருந்து நுரையை எடுத்துப் பூசினாள். இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடித்தாள். சுழி இருந்த இடம் வந்ததும் கத்தியைத் திருப்பி, கீழிருந்து மேலே கொண்டுபோனாள். முதுகுக்குப் பின்னால் கூட்டம் மொத்தமும் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. "அட ஆத்தா, பாதி மூஞ்சிதான் வழிச்சிருக்குது!" என்றது அத்தாயியின் குரல். மிக அருகில் கேட்டது. அவள் எப்போதோ படலைத் தாண்டி உள்ளே வந்திருந்தாள். தெருவில் யாரோ யாரையோ பிடித்தார்கள். செருப்புகள் தேயும் சத்தம், ஒரு கெட்ட வார்த்தை, 'நட' என்று போலீஸ்காரனின் அதட்டல்.

"தண்ணி" என்றாள் ராமாத்தாள்.

கந்தவேல் இடது கையால் செம்பைச் சாய்த்தான். அவள் கத்தியைக் கழுவி, துடைத்து, மடித்து வைத்தாள். மண்ணில் சிந்திய நுரையை நாய் மெல்ல முகர்ந்து, ஒரு தரம் நக்கியது.

அவள் மருதாசலத்தின் காது மடலை லேசாக முன்னால் மடித்து, பின்னால் விரல் விட்டுப் பார்த்தாள். கொஞ்சம் சோப்பு இருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.